பிளக்கைப் பிடுங்கியாச்சா?

நவம்பர் 3

என் அருமை நாத்தனாருக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். இத்தனை வருஷம் அவ்வளவு பெரிய பஸ்ஸை ஒரு கீறல் விழாமல் ஓட்டியவள், டிப்போ வாசலில் பனி உறைந்த படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாளே என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்தால் வலிக்கிறது, அதனால் நிறுத்திவிட்டேன்.

குளிர்காலம் முடிகிற வரைக்கும் இந்த ஆஸ்பத்திரிக் கட்டில்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போனில் பிள்ளைகள் குரலைக் கேட்கவே நேரம் போதவில்லை. பெரியவர்கள் பேச்சைக் கடிதத்தில் வைத்துக்கொள்வோம்.

விஷயத்துக்கு வருகிறேன். "அம்மா, அத்தை வீட்டு ரூம்ல என் மூக்கு ஐஸாயிடுதும்மா"ன்னு வாயாடி அழாத குறையாகச் சொன்னாள். உங்கள் பின்னறை எனக்குத் தெரியாதா? என் வீட்டுச் சாவி கண்டக்டர் அக்காவிடம் இருக்கிறது. அலமாரியில் இருக்கும் என் கரண்ட் போர்வையை எடுத்து உன்னிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். விரிப்புக்கு அடியில் போடுகிற வகை. ஆனால் கவனமாகக் கேள். அது பெரியவர்களுக்குச் செய்தது. நமக்குச் சுட்டால் தூக்கத்திலும் தள்ளிப் படுப்போம். சின்னப் பிள்ளைக்கு அது தெரியாது, தெரிந்தாலும் சொல்ல வராது. உருண்டைக்கு இன்னும் இரண்டு வயதுகூட முடியவில்லை. அவன் தொட்டில் பக்கமே அது போகக் கூடாது. அவனுக்குக் கம்பளிச் சட்டையும் காலுறையும் போதும்.

வாயாடிக்கு மட்டும், அவள் சாப்பிட உட்காரும்போது போடு. படுக்கை சூடானதும் அணை. ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கிவிடு. அதற்குப் பிறகுதான் பிள்ளை கட்டிலில் ஏற வேண்டும். போர்வையை மடிக்காதே, மடிப்பில் சூடு சேர்ந்துவிடும். பகலில் சுருட்டி வை. மேலே பொம்மை, தலையணை எதையும் குவிக்காதே. ஈரம் பட்டுவிட்டால் அதோடு மறந்துவிடு.

இவள் என்ன படுத்த படுக்கையிலும் வகுப்பெடுக்கிறாள் என்று முகம் சுளிப்பாய். தாராளமாகச் சுளித்துக்கொள். பிரேக்கைப் பார்க்காமல் வண்டியை எடுத்துப் பழக்கமில்லை எனக்கு.

என் தம்பி வீட்டிலும் பிள்ளைகளைக் கேட்டார்கள், உனக்குத் தெரியும். அவனும் அவன் பெண்டாட்டியும் ஷிஃப்ட் வேலைக்காரர்கள், ராத்திரி யார் வீட்டில் இருப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. நீ சாயங்காலம் வீட்டில் இருப்பவள். அந்த ஒரே காரணத்துக்காக உன்னிடம் விட்டேன். "நான்தான் படுக்க வைப்பேன் அண்ணி, வேற யார் கையிலயும் விட மாட்டேன்"னு ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே, அந்தச் சொல்லை நம்பித்தான் நிம்மதியாகப் படுத்திருக்கிறேன்.

இடுப்பொடிந்த உன் அண்ணி


நவம்பர் 12

அன்புள்ள அண்ணி,

போர்வை வந்து சேர்ந்தது. கண்டக்டர் அக்கா அதைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். "மடிக்கக் கூடாதுன்னு ஆர்டர்"னு சொன்னார். அவரையும் மிரட்டி வைத்திருக்கிறீர்கள்!

நீங்கள் சொன்னபடிதான் எல்லாம் நடக்கிறது. வாயாடி சாப்பிட உட்கார்ந்ததும் போடுகிறேன். சாப்பிட்டு, பல் தேய்த்து, ஏன் பல் தேய்க்க வேண்டும் என்று என்னோடு ஒரு சண்டை போட்டு முடிப்பதற்குள் படுக்கை சூடாகிவிடும். பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுவர் ஆணியில் மாட்டுகிறேன். அப்புறம்தான் மகாராணி ஏறுவாள். ஏறியதும் கையையும் காலையும் பரப்பிக்கொண்டு, "அத்தை, இஸ்திரி போட்ட சட்டைக்குள்ள படுத்த மாதிரி இருக்கு"ங்கிறாள். ஹோட்டலில் நாள் முழுக்க விரிப்பும் துண்டும் தைத்து, எண்ணி, அடுக்குகிறவள் நான். எனக்கே இப்படி ஒரு சொல் தோன்றியதில்லை.

உருண்டை தொட்டிலில் கம்பளி மூட்டையாகக் கிடக்கிறான். கன்னம் இரண்டும் ஊதிவிட்டன. நீங்கள் வரும்போது தூக்க முடியாது, இடுப்பு சரியான பிறகே தூக்குங்கள்.

என் வீட்டுக்காரர் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "பஸ் ஓட்டுறவங்க ராக்கெட் விடப் போயிருக்கலாம்"னு சொன்னார். கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வார்.

கவலைப்படாமல் எலும்பு சேருகிற வழியைப் பாருங்கள்.

உங்கள் நாத்தனார்


நவம்பர் 30

அன்பு நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைப் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த அம்மாவுக்குத் தன் நாத்தனாரோடு பேச்சுவார்த்தையே கிடையாதாம். "இப்படியும் ஒரு நாத்தனாரா?"ன்னு கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான்.

இன்று நர்ஸ் என்னைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தாள். உலகம் ஒரு சுற்று சுற்றி நின்றது. முன்னேற்றம்தான்.

ஒன்று கேட்க வேண்டும். போன ஞாயிறு வாயாடி, "மாமாதான் கதை சொல்வாரு, அத்தை போன்ல வருவாங்க"ன்னு சொன்னாள். அத்தை ஏன் போனில் வர வேண்டும்? அத்தை வீட்டில்தானே இருக்கிறாள்? சும்மா கேட்கிறேன். படுத்தே கிடக்கிறவளுக்கு எதைக் கேட்டாலும் மனசில் பூச்சி ஊர்கிறது.

உன் அண்ணி


டிசம்பர் 7

அன்புள்ள அண்ணி,

உங்கள் மகள் பெரிய வக்கீலாக வருவாள், பாருங்கள். சாட்சி சொல்வதில் இப்போதே தேர்ந்துவிட்டாள். ஹோட்டலில் ஆள் வரவில்லை என்று ஓரிரு நாள் சாயங்காலம் கூப்பிட்டார்கள். போகாமல் இருக்க முடியவில்லை. அங்கிருந்து போன் செய்து பிள்ளைகளோடு பேசினேன். அதைத்தான் அவள் பெரிய சங்கதியாக்கியிருக்கிறாள். மற்றபடி நான் இருக்கிறேன், வீடு இருக்கிறது, ஆணியில் ஒயர் இருக்கிறது.

மனசில் ஊர்கிற பூச்சியை அடித்துப் போடுங்கள். உட்கார்ந்துவிட்டீர்கள் என்று கேட்டு அத்தனை சந்தோஷம்.

உங்கள் நாத்தனார்


டிசம்பர் 22

அன்புள்ள அண்ணி,

சின்ன விஷயம், பதறாமல் படியுங்கள். உருண்டையைக் குளிப்பாட்டும்போது வெந்நீர் கொஞ்சம் காலில் தெறித்துவிட்டது. டாக்டரிடம் காட்டி மருந்து போட்டாயிற்று. ஓடியாடுகிறான். வாயாடிக்கு லேசாகத் தொண்டை கட்டியிருக்கிறது, அதனால் போனில் அதிகம் பேசவில்லை. வேறொன்றுமில்லை.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 4

நாத்தனாரே,

கண்டக்டர் அக்கா நேற்று வந்திருந்தாள். பிள்ளைகளுக்குக் காலணி கொடுக்க உன் வீட்டுக்குப் போனாளாம். கதவைத் திறந்தது உன் வீட்டுக்காரர். நீ எங்கே என்று கேட்டதற்கு, "இந்த நேரத்துல அவ எப்பங்க வீட்ல இருந்தா? நவம்பர்லேருந்து சாயங்கால வேலைதானே"ன்னு சாவகாசமாகச் சொன்னாராம். ஓரிரு நாள் என்று எனக்கு எழுதினாயே, அந்த ஓரிரு நாள் இதுதானா?

உருண்டையை மடியில் வைத்துக் காலணி போடும்போது கட்டு நழுவியிருக்கிறது. கெண்டைக்காலின் பின்பக்கம், என் உள்ளங்கை அகலத்துக்கு வெந்த புண். கண்டக்டர் அக்கா மூன்று பிள்ளை வளர்த்தவள். "வெந்நி தெறிச்சா முன்னாடி, அங்கங்க திட்டுத் திட்டா படும். இது பின்னாடி ஒரே பட்டையா இருக்கேங்க"ன்னு கேட்டதும் உன் வீட்டுக்காரர் டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாராம்.

வாயாடி மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாளாம். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லையாம். "நான் ஆச்சுன்னு சொல்லிட்டேன், நான் ஆச்சுன்னு சொல்லிட்டேன்"னு அது ஒன்றையே சொன்னாளாம். என்ன ஆச்சு? யாரிடம் சொன்னாள்? வாயை மூடச் சொன்னாலும் மூடாத பிள்ளை மூன்று வாரமாகப் போனில் உம் கொட்டுகிறாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று எழுதினாய்.

நீ என் காதில் பூ சுற்றியிருக்கிறாய். அதையும் சிரிக்கச் சிரிக்க எழுதிச் சுற்றியிருக்கிறாய். உன் கடிதம் வந்தால் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வேன், வலி கூடும்போது எடுத்துப் படிப்பேன். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கண்டக்டர் அக்காவுக்கு மெதுவாகப் பேச வராது. அந்த அம்மா இப்போது என் பக்கம் திரும்புவதில்லை. எனக்காக அவர் வெட்கப்படுகிறார்.

எழுந்து ஓடி வர எனக்குக் கால் இல்லை என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாய். நடந்தது என்ன என்று எழுது. ஒரு வரி பொய் இருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும், இனி நான் சும்மா படிக்க மாட்டேன்.


ஜனவரி 11

அண்ணி,

நவம்பர் 12 எழுதிய கடிதம் முழுக்க உண்மை. அதற்குப் பிறகு எழுதியதில் உண்மை குறைவு.

அந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்ட வாரமே என்னைத் துணி அறைக்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள். சாயங்கால வேலை. எனக்குக் கீழே ஆறு பேர். எத்தனை வருஷம் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்தேன் என்று உங்களுக்கே தெரியும். உங்களிடம் சொன்னால் பிள்ளைகளை உங்கள் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். எனக்கு நாற்காலியும் வேண்டியிருந்தது, பிள்ளைகளும் வேண்டியிருந்தார்கள். அந்தப் பின்னறை யாருக்காகக் கட்டினோம் என்று நீங்கள் என்றைக்கும் கேட்டதில்லை, அந்த நல்ல மனசுக்கு இன்றைக்கும் நன்றி. அதில் முதன்முதலாகப் பிள்ளைச் சத்தம் கேட்டது. விட மனசு வரவில்லை.

ஒயர் விஷயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. தினமும் துணி அறையிலிருந்து வீட்டுக்குப் போன் செய்வேன். "பிளக்கைப் பிடுங்கியாச்சா?" "ஆச்சு, ஆச்சு"ன்னு அவர் சொல்வார். அவர் சொல்வதை அப்படியே நம்ப நான் என்ன புதுப் பெண்டாட்டியா? போனை வாயாடியிடம் கொடுக்கச் சொல்வேன். "நீ கண்ணால பாத்தியாடி?" "பாத்தேன் அத்தை, ஆச்சு." பிள்ளை பொய் சொல்லாது என்று நிம்மதியாக விரிப்புகளை எண்ணப் போவேன். அவரைச் சோதிக்க அவளை வைத்தேன், அண்ணி. ஐந்து வயதுப் பிள்ளையை வீட்டுக்கு இன்ஸ்பெக்டராக வைத்தேன். அது புத்திசாலித்தனம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். "அத்தை கேட்டா ஆச்சுன்னு சொல்லிடு செல்லம். இல்லன்னா அத்தை போர்வையை எடுத்துட்டுப் போயிடுவாங்க, அப்புறம் குளிர்ல கெடக்கணும்." சூட்டில் பிள்ளை அடித்துப்போட்ட மாதிரி தூங்கியிருக்கிறாள். இவருக்கு டிவி பார்க்கத் தோதாகப் போய்விட்டது. உருண்டை தொட்டிலில் அழுதால் அவனையும் தூக்கி அவள் பக்கத்தில் போட்டிருக்கிறார். "ரெண்டும் சத்தமில்லாம தூங்குதுங்க, இதுல என்ன தப்பு?"ன்னு என்னிடமே கேட்டார். அன்றைக்கு உருண்டை உதைத்ததில் போர்வை ஒரு பக்கம் சுருண்டு, அந்த மடிப்பின் மேல் அவன் கால் கிடந்திருக்கிறது. அவன் அழக்கூட இல்லை. நான் வேலை முடிந்து வந்து தூக்கியபோதுதான் பார்த்தேன். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா தோல் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும்"னு டாக்டர் சொன்னார்.

அவர் என்னை ஏமாற்றினார். நான் உங்களை ஏமாற்றினேன். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், திட்டுங்கள். என் அண்ணன் பெற்ற பிள்ளைகள் இவர்கள். அவர் கப்பலில் இருக்கிறார், வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறார். அதற்குப் பெயர் உழைப்பு. நான் நாலு தெரு தள்ளி வேலைக்குப் போனால் அதற்குப் பெயர் துரோகமா?

பிள்ளைகளை என்னிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். போர்வையை அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டேன். அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.


ஜனவரி 19

துரோகம்தான்.

நீ வேலைக்குப் போனது இல்லை. அந்த நாற்காலிக்காக நானே உனக்கு மாலை போட்டிருப்பேன். உன் அண்ணன் கப்பலுக்குப் போகும்போது "போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். வீட்டில் இருக்கிறேன் என்று எனக்கு எழுதிவிட்டுப் போகவில்லை.

இன்னொன்று. டிசம்பரில் என் பிள்ளை கால் வெந்தது. ஜனவரியில் கண்டக்டர் அக்கா வந்தபோதும் நீ வேலையில் இருந்தாய். யாரிடம் விட்டுவிட்டு? அதே ஆளிடம். அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாயாம், ஆனால் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக மட்டும் அவர் தேவைப்பட்டார்.

என் பெண்ணுக்கு நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்ன கற்றுக்கொடுத்தீர்கள் என்று யோசித்துப் பார். ஒருவர் பொய் சொல்லச் சொன்னார். இன்னொருவர் அந்தப் பொய்யைத் தினமும் போன் போட்டு வாங்கிக்கொண்டார். தம்பிக்குப் புண் வந்ததும் அது தன்னால் என்று அவள் மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். "உன்மேல தப்பில்லடி"ன்னு அவளிடம் சொல்ல உங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

சனிக்கிழமை கண்டக்டர் அக்காவும் என் தம்பியும் வருவார்கள். பிள்ளைகளின் துணிமணியைக் கட்டி வை. அவர்களும் ஷிஃப்ட் வேலைக்காரர்கள்தான். ஆனால் யார் எப்போது வீட்டில் இருக்க மாட்டார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

பிள்ளைகள் எதிரில் அழாதே. அதையாவது செய்.


பிப்ரவரி 15

அண்ணி,

அழவில்லை. வாயாடி கையசைத்தாள். உருண்டைக்கு நடப்பது புரியவில்லை, காரில் போகிறோம் என்ற குஷி.

வேலையை விடவில்லை. விட்டால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள் என்று கணக்குப் போட்டு விடுவதாக ஆகிவிடும். அவர் இப்போது முன்னறையில் படுக்கிறார். "சின்ன விஷயத்தைப் பெரிசாக்குறீங்க ரெண்டு பேரும்"ங்கிறார். இத்தனை வருஷம் இவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். பின்னறைக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன்.

வாயாடியிடம் நான் சொல்லாமல் விட்டதை நேரில் வந்து சொல்ல வேண்டும். அவள்மேல் தப்பில்லை, என்மேல் என்று. ஒரே ஒரு தடவை. நீங்கள் வீடு திரும்பிய பிறகு வரட்டுமா? வாசலோடு நின்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். எந்த நாள் என்று நீங்களே எழுதுங்கள், கட்டாயம் வருகிறேன்.


மார்ச் 20

நாத்தனாருக்கு,

போன வாரம் வீட்டுக்கு வந்துவிட்டேன். கைத்தடியோடு சமையலறைக்கும் கூடத்துக்குமாக ரூட் ஓட்டுகிறேன். பிள்ளைகள் வந்துவிட்டார்கள். உருண்டையின் காலில் தோல் மூடிவிட்டது, நிறம் மட்டும் வேறாக இருக்கிறது. அதைத் தடவினால் கூச்சத்தில் சிரிக்கிறான். அவனுக்கு எதுவும் நினைவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, தீர்ந்ததாக நடிக்கவும் வரவில்லை. உன் பழைய கடிதங்களைக் கிழிக்கப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டைக்குள் படுத்த மாதிரி என்று என் பிள்ளை சொன்னது அதில் இருக்கிறது. கிழிக்க முடியவில்லை. அதற்கும் சேர்த்து உன்மேல்தான் கோபம்.

வாயாடி மறுபடியும் பேசுகிறாள், பழைய அளவுக்கு இல்லை. நேற்று பள்ளிச் சட்டையை இஸ்திரி போட்டுவிட்டு இரண்டு பேரையும் படுக்க வைத்தேன். "அம்மா, இஸ்திரிப் பெட்டி பிளக் பிடுங்கியாச்சா?"ன்னு கேட்டாள். "ஆச்சுடி, படு"ன்னேன். எழுந்து போனாள். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். பிடுங்கித்தான் இருந்தது. அப்புறம் விளக்குக்குப் போனாள், சமையலறைக்குப் போனாள். இது முதல் நாள் இல்லை. வந்ததிலிருந்து தினமும் இதுதான். நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. "பெத்த அம்மா சொன்னாக்கூட நம்ப மாட்டியாடி?"ன்னு கேட்டுவிட்டேன்.

"பிடுங்காமலே ஆச்சுன்னு சொல்லலாம்மா. நான் சொல்லியிருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டாள். நான்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள்மேல் தப்பில்லை என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "சரிம்மா"ங்கிறாள். அதையும் அவள் நம்பவில்லை. அதை நீ சொல்ல வேண்டும், அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எந்த நாள் என்று எழுதச் சொன்னாய். எழுத மாட்டேன். நீயும் எழுதாதே. அத்தை இன்ன நாள் வருவாள் என்று அவளிடம் நான் சொல்லப் போவதும் இல்லை. சொன்னால் "சரிம்மா" என்றுதான் சொல்வாள்.

வருவதாக இருந்தால் வந்து கதவைத் தட்டு.

உன் அண்ணி